அம்மாவின் முழங்கால் தேய்மானம் எனக்கும் மகளுக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 39. வங்கியில் வேலை. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு காலும் வில்லாக வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அம்மாவுக்கு 63 வயதில் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை நடந்தது. அக்காவுக்கு 47 வயது. விரல் நுனிகளில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. எனக்கு மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலது முழங்கால் கொஞ்சம் பிடிக்கும், வேறு தொந்தரவு இல்லை. பயத்தில் இணையத்தில் ஒரு மரபணுச் சோதனைப் பெட்டி வாங்கி எச்சில் அனுப்பினேன். "ஜி.டி.எஃப்.5 மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஆபத்து வடிவம், மூட்டுத் தேய்மானத்துக்கு உயர் ஆபத்து" என்று வந்திருக்கிறது. கூடவே கொலாஜன் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள். எனக்கும் அறுவை நிச்சயம்தானா? நடைப்பயிற்சியையும் படியேறுவதையும் இப்போதே விட்டுவிடட்டுமா? என் கணவர் தாய்மாமன் மகன். அதனால் எங்கள் 8 வயது மகளுக்கு இரட்டிப்பாக வருமா? அவளுக்கும் இந்தச் சோதனை எடுக்கலாமா? அவள் விரல் மூட்டுகளும் கொஞ்ச நாளாகப் பருத்த மாதிரி தெரிகின்றன. "பெரியம்மா கை மாதிரியே இருக்கு" என்கிறார் என் மாமியார்.
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவசரமானது அதுதான். உங்கள் முழங்காலுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. மகளின் விரல்களை இந்த மாதத்துக்குள் ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு இருக்கும் விரல் முடிச்சு 8 வயதில் வராது. அது பெரும்பாலும் மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி, நகத்துக்கு அடுத்த மூட்டில் வருவது. குழந்தைக்கு விரல் மூட்டு பருத்துத் தெரிந்தால் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும். பல நேரம் காரணம் ஒன்றுமே இருக்காது. விரல் ஒல்லியாக இருந்தால் மூட்டு எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அதை உறுதிசெய்த பிறகு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு முன்னால் "பரம்பரைக் கை" என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். விரலின் நடு மூட்டை இருபக்கமும் உங்கள் விரல்களால் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். மெத்தென்று அமுங்குகிறதா, சூடாக இருக்கிறதா, காலையில் எழுந்ததும் பல் துலக்கவோ சட்டைப் பொத்தான் போடவோ சிரமப்படுகிறாளா என்று பாருங்கள். ஆம் என்றால் அது சிறார் மூட்டழற்சியாக இருக்கலாம். நோய் எதிர்ப்பு அமைப்பு மூட்டைத் தாக்கும் நோய் அது, சீக்கிரம் மருந்து தொடங்கினால் நன்றாகக் கட்டுப்படும். அதற்கு மாறாக மூட்டு எலும்புக் கெட்டியாக இருக்கிறது, சூடோ சிவப்போ இல்லை, விரலை முழுவதும் மடக்கி முஷ்டி பிடிக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்படுகிறாள், நடை சற்று மாறியிருக்கிறது என்றால், நினைவில் வர வேண்டிய பெயர் ப்ரோக்ரெசிவ் சூடோருமட்டாய்டு டிஸ்பிளேசியா. பெயர்தான் வாயில் நுழையாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் நம் நாட்டில் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். இந்தியக் குழந்தைகளிடம் பலமுறை பதிவான நோய்.

இதற்குக் காரணம் சி.சி.என்.6 என்ற ஒரே மரபணுவில் வரும் பிழை. பழைய ஆய்வறிக்கைகளில் இதையே விஸ்ப்3 என்று எழுதியிருப்பார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதியில் மட்டும் பிழை இருப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார். தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. பொதுவாக 3 முதல் 8 வயதுக்குள் தொடங்கும். குருத்தெலும்பு சரியாக வளராமல் விரல், இடுப்பு, முழங்கால், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாக விறைக்கும். இருபது முப்பது வயதிலேயே இடுப்பு மூட்டு முழுவதும் தேய்ந்து அறுவை வரை போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் சிறார் மூட்டழற்சி போலவே இருப்பதால் இந்தக் குழந்தைகளுக்கு மூட்டழற்சிக்கான மருந்துகளான ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் வருடக்கணக்கில் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. பலன் இருக்காது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். பிரித்தறிவது கடினமில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இரண்டும் இயல்பாக இருக்கும். கைகள், இடுப்பு, முதுகெலும்பின் பக்கவாட்டுத் தோற்றம் என மூன்று எக்ஸ்ரே போதும்: முதுகெலும்புக் கட்டைகள் தட்டையாகவும், விரல் எலும்புகளின் முனைகள் அகன்றும் தெரியும். கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் தவறவிட வாய்ப்பு அதிகம். முதுகையும் கேட்டு வாங்கி எடுங்கள்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் அடுத்தது மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை. நீங்கள் வாங்கிய எச்சில் பெட்டி அதைச் செய்யாது. அது முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில புள்ளிகளை மட்டும் பார்ப்பது; சி.சி.என்.6-இல் உள்ள பிழை அதன் கண்ணில் படாமலே போகலாம். மகளுக்கு அந்தப் பெட்டியில் "இயல்பு" என்று வந்தாலும் அதற்கு இந்த விஷயத்தில் எந்த மதிப்பும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறை உண்டு. அதற்கு முன் உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் போய், "நாங்கள் உறவுக்குள் திருமணம் செய்தவர்கள்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பலர் சங்கடப்பட்டு மறைக்கிறார்கள். மருத்துவர் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்பது அந்த ஒரு தகவலில் இருக்கிறது.

இதிலேயே "இரட்டிப்பாக வருமா" என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இருக்கிறது. நீங்களும் கணவரும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இருவருக்கும் பொதுவாக வந்திருக்கும். உங்கள் குழந்தைக்குச் சுமார் பதினாறில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த அதே பிரதியாக இருக்கும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் வரும் அரிய நோய்களுக்கு இந்தக் கணக்கு பெரிய விஷயம். இருவருமே அப்படியொரு பிழையைச் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்தது போன்ற சாதாரண மூட்டுத் தேய்மானம் இந்த வகை அல்ல. உறவில் மணந்ததால் அது மகளுக்கு இரட்டிப்பாகாது.

இந்த அரிய வகையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆல்காப்டோனூரியா. இதற்கும் இரண்டு பிரதியும் கெட வேண்டும். எச்.ஜி.டி. என்ற மரபணு வேலை செய்யாததால் ஹோமோஜென்டிசிக் அமிலம் உடலில் தங்கி, ஆண்டுக்கணக்கில் குருத்தெலும்பில் படிந்து அதைக் கறுப்பாக்கி நொறுங்க வைக்கும். பரம்பரையாக வரும் நோய் என்று மெண்டலின் விதிப்படி முதன்முதலில் விளக்கப்பட்டதே இதுதான். 1902-இல் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தில் இது வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதையும், அதற்குக் காரணமான ஒரே பிழை பலரிடம் பரவியிருப்பதையும் 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடையாளம் எளிது. சிறுநீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் கறுக்கும். குழந்தையாக இருந்தபோது நனைந்த துணியில் கறுப்புக் கறை இருந்திருக்கும். முப்பதுகளில் முதுகுவலி, பிறகு முழங்கால், கண்ணின் வெள்ளையில் பழுப்புத் திட்டு. அறுவை மேசையில் மூட்டைத் திறந்து கறுத்த குருத்தெலும்பைப் பார்த்த பிறகே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. அம்மாவின் அறுவைக் குறிப்பை மருத்துவமனையிலிருந்து வாங்கிப் பாருங்கள். அதில் அப்படி எதுவும் இல்லை என்றால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ஒரு பிரதி கெட்டாலே வரும் வகைகளும் இருக்கின்றன. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1970-களின் நடுவில் வெளியுலகுக்குத் தெரியவந்த ஹண்டிகோடு நோய் அப்படிப்பட்டது: சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இளம் வயதிலேயே இடுப்பு மூட்டு அழிந்துபோகும். இரண்டாம் வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் பிழை வந்தால் கடுமையான கிட்டப்பார்வை, விழித்திரை கழல்தல், காது மந்தம் ஆகியவற்றோடு மூட்டும் சீக்கிரம் தேயும். ஸ்மாட்3 மரபணுவில் பிழை வந்தால் இளவயது மூட்டுத் தேய்மானத்தோடு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் வீங்கும்; 2011-இல்தான் இந்தத் தொடர்பு தெரிந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 40 வயதுக்குள் இடுப்போ முழங்காலோ தேய்ந்திருந்தால், வழக்கத்துக்கு மாறாகக் குள்ளமாக இருந்தால், இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. அம்மாவுக்கு 63, அக்காவுக்கு 47: வயதும் இடமும் சாதாரண வகைக்குத்தான் பொருந்துகின்றன.

சாதாரண வகைக்கு வருவோம். இதிலும் பரம்பரை இருக்கிறது. விரல் நுனி முடிச்சு குடும்பத்தில் ஓடுவதை அமெரிக்காவில் ஸ்டெச்சர் என்ற மருத்துவர் 1940-களிலேயே கணக்கெடுத்துக் காட்டினார். முடிச்சு உள்ள பெண்ணின் சகோதரிகளுக்கு அது மற்றவர்களைவிட 3 மடங்கு அதிகம். 1996-இல் லண்டனில் இரட்டைச் சகோதரிகளை எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர், தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரைவிட எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்ததில், கை, முழங்கால் தேய்மானத்தில் மரபணுவின் பங்கு 39 முதல் 65 சதவீதம் என்று வந்தது.

இந்த எண்ணைத்தான் அநேகர் தப்பாகப் படிக்கிறார்கள். "எனக்கு வர 39 முதல் 65 சதவீத வாய்ப்பு" என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் இருப்பதற்கான காரணங்களில் அத்தனை பங்கு மரபணு வேறுபாட்டிலிருந்து வருகிறது என்பதுதான் அர்த்தம். தனி ஒருவரின் எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்தப் பங்கும் ஒரே மரபணுவில் இல்லை. நீங்கள் வங்கியில் இருப்பதால் இப்படிச் சொல்கிறேன்: இது ஒரு பெரிய கடன் அல்ல, ஆயிரம் சில்லறைக் கடன்களின் கூட்டுத்தொகை. 2021-இல் 8 லட்சத்து 26 ஆயிரம் பேரின் மரபணுத் தகவலை அலசி, மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புள்ள 100 மாறுபாடுகளைக் கண்டார்கள். 2025-இல் ஏறக்குறைய 20 லட்சம் பேர், அவர்களில் 4 லட்சத்து 90 ஆயிரம் நோயாளிகள் என்று விரித்தபோது அது 962 ஆனது. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது மிகக் கொஞ்சம். அந்த 20 லட்சம் பேரிலும் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். இந்த மாறுபாடுகளைக் கூட்டி அங்கே கணக்கிட்ட ஆபத்து மதிப்பெண்ணை அப்படியே தூக்கி நமக்குப் போடுவது சரியாக வராது. நமக்கு முழங்கால் அதிகம் தேய்கிறது, இடுப்பு குறைவு; அவர்களுக்கு இடுப்பும் நிறையத் தேய்கிறது. ஒப்பிடும் நோயின் முகமே வேறு.

உங்கள் அறிக்கையில் உள்ள ஜி.டி.எஃப்.5 இவற்றில் மிகப் பழகிய பெயர். கருவில் மூட்டு உருவாகும்போது எங்கே இடைவெளி விழ வேண்டும், எலும்பு முனை எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதில் வேலை செய்யும் புரதம் இது. 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் தொடக்கப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டார்கள். ஆபத்து வடிவம் இருந்தால் மூட்டில் இந்தப் புரதம் சற்றுக் குறைவாக உற்பத்தியாகிறது. பிறகு பல நாடுகளில் சேர்த்துப் பார்த்தபோது முழங்காலைப் பொறுத்தவரை ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 15 சதவீத ஆபத்து உயர்வு என்ற அளவில் நின்றது. கணக்குக்காக, இந்த வடிவமே இல்லாத 100 பெண்களில் 20 பேருக்கு முழங்கால் தேய்மானம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரதியும் உள்ள 100 பெண்களில் 24, 25 பேருக்கு வரும். மீதி 75 பேருக்கு வராது. இதைத்தான் உங்கள் அறிக்கை "உயர் ஆபத்து" என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறது. இன்னொன்றையும் அதில் சொல்லியிருக்க மாட்டார்கள்: ஐரோப்பியரிடமும் ஜப்பானியரிடமும் அந்த "ஆபத்து" வடிவம்தான் பெரும்பான்மை.

என் கருத்தில் உங்கள் கடிதத்தின் முதல் ஐந்து வரியில் இருக்கும் தகவல் அந்த அறிக்கையைவிட மதிப்புள்ளது. வயது, பெண் என்பது, எடை, அம்மாவின் அறுவை, அக்காவின் விரல்: இவை தெரிந்த பிறகு மரபணு மதிப்பெண்ணைச் சேர்த்தால் கணிப்பு கொஞ்சம்தான் மேம்படுகிறது. அந்த முடிவை வைத்து மாற்றக்கூடிய மருந்தும் இன்று இல்லை. ஆகவே மகளுக்கு அந்தப் பெட்டி வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் நோயின் ஆபத்தை, இப்போது செய்ய ஒன்றும் இல்லாதபோது, குழந்தையிடம் சோதிக்கக் கூடாது என்பதே மரபியல் மருத்துவத்தின் பொதுவான நிலைப்பாடு. விரல் பருமனுக்காகச் செய்யும் சோதனை வேறு, இது வேறு.

பாட்டி, அம்மா, நீங்கள் என்று வந்திருப்பதில் மரபணு மட்டும் இல்லை. கால் அமைப்பும் வரும், உடல்வாகும் வரும், சாப்பாட்டுப் பழக்கமும் வேலைமுறையும் வரும். எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. மரபணு முழங்கால் தேய்மானப் பட்டியலிலும் இருக்கிறது. குருத்தெலும்பை நேரடியாகத் தொடுவதால் அல்ல, எடை வழியாக. இந்த வழியை நீங்கள் பாதியில் மறிக்க முடியும்.

பாட்டியின் வில் கால் பகுதி காரணம், பகுதி விளைவு. உள்பக்கக் குருத்தெலும்பு தேயத் தேயக் கால் இன்னும் வளையும், வளைய வளையப் பாரம் மேலும் உள்பக்கமே விழும். ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களில் கால் வில்லாக இருந்தால் உள்பக்கத் தேய்வு முற்றும் ஆபத்து 18 மாதத்தில் 4 மடங்கு என்று 2001-இல் சிகாகோ ஆய்வு ஒன்று காட்டியது. கண்ணாடி முன் கணுக்கால்களை ஒட்டி நின்று பாருங்கள். முழங்கால்களுக்கு நடுவே தெளிவான இடைவெளி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றுகொண்டு எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் பாரம் விழாததால் மூட்டு இடைவெளி இருப்பதைவிட அகலமாகத் தெரியும். இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. நடுவயதைத் தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் "ஜவ்வு கிழிசல்" தெரியும். அதைப் பார்த்துத் தேவையற்ற துளை அறுவைக்குப் போனவர்கள் உண்டு.

இனி எடை. 156 செ.மீ. உயரத்துக்கு 71 கிலோ என்றால் உடல் நிறை எண் 29. நமக்கு 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 25-ஐத் தாண்டினால் பருமன். அமெரிக்காவில் ஃபிரமிங்ஹாம் ஊர்ப் பெண்களை வைத்து 1992-இல் வெளியான கணக்கு: 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கிலோ குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. ஜி.டி.எஃப்.5-இன் இரண்டு பிரதியும் சேர்ந்து ஏற்றியதைவிட இந்த 5 கிலோ இறக்குவது அதிகம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் 4 கிலோ பாரம் குறைகிறது என்று 2005-இல் அளந்திருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் 64 கிலோ என்பது நியாயமான இலக்கு. வங்கி வேலையில் காபி, டீ நாலு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 160 கலோரி அதிலேயே போகிறது, சர்க்கரையை நிறுத்துங்கள். மதியச் சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் கூட்டும், கூடவே முட்டை, மீன், சுண்டல் என்று ஏதாவது ஒரு புரதம். சாதத்தை மட்டும் குறைத்துப் புரதம் சேர்க்காவிட்டால் எடையோடு தொடைத் தசையும் கரையும். முழங்காலுக்கு அது நஷ்டம். எடை குறைப்பு ஊசிகள் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்ததை 2024-இல் ஒரு சோதனை காட்டியது. அதில் சேர்ந்தவர்கள் உடல் நிறை எண் 30-க்கு மேல், ஏற்கெனவே தேய்மானமும் வலியும் உள்ளவர்கள். நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

நடையை நிறுத்தவே கூடாது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. படி இறங்கும்போது மட்டும் பிடிப்பது பெரும்பாலும் முழங்கால் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தில் வருவது. முன்தொடைத் தசை பலவீனமாக இருந்தால் கூடும். அதற்குப் பயிற்சிதான் மருந்து. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். 10 முறை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்ற காலை நேராக ஒரு அடி உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள், பக்கத்துக்கு 10. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது இடுப்பின் பக்கத் தசைக்கு. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்தில் எளிதாகிவிட்டால் கணுக்காலில் அரைக் கிலோ எடை கட்டிக்கொள்ளலாம்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு மூன்று உண்டு. எழும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது; பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக முழங்கால் இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்வது. முதல் வாரமே ஆர்வத்தில் தினமும் செய்து, வலி வந்து, மூன்றாவது வாரம் விட்டுவிடுவது. செய்யும்போது லேசான வலி இருக்கலாம்; மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வராவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். முன்னால் தெரியாது.

குத்துக்காலிட்டு உட்காருவது பற்றியும் பயம் இருக்கும். பெய்ஜிங் முதியவர்களிடம் 2004-இல் பார்த்தபோது, இளவயதில் நாளுக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ அப்படி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. நம் ஊர்க் கழிப்பறையும் கோலம் போடுவதும் உங்களைக் கெடுக்காது. விபத்து கெடுக்கும்: முழங்காலின் நடுத் தசைநார் அறுந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு 10, 20 ஆண்டில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது. வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் திரும்பி, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் எண்ணெய் தேய்க்கவோ நீவிவிடவோ போகாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

கொலாஜன் பொடியை வாங்க வேண்டாம். அது வயிற்றில் சாதாரணப் புரதமாகச் செரிக்கிறது. ஒரு முட்டை மலிவு. குளுக்கோசமின் மாத்திரையை 2006-இல் 1,583 பேரிடம் சோதித்தபோது மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. ஆட்டுக்கால் சூப்பும் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் ருசிக்காகக் குடிக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குருத்தெலும்பு வளரும் என்று நம்பி மற்றதை விடக் கூடாது.

அக்காவைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் இன்று மருந்து தேவைப்படுபவர் அவராக இருக்கலாம். முடிச்சு நகத்துக்கு அடுத்த மூட்டில், கெட்டியாக, காலை விறைப்பு அரை மணிக்குள் போய்விடுவதாக இருந்தால் தேய்மானம்தான். நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகளோ தலையில் செதில் செதிலாகத் தோல் உரிவதோ இருந்தால் சொரியாசிஸ் மூட்டழற்சியா என்று பார்க்க வேண்டும். அதுவும் நுனி மூட்டைத்தான் பிடிக்கும். விரலின் அடி மூட்டும் மணிக்கட்டும் மெத்தென வீங்கி, விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தால் முடக்குவாதமா என்று பார்க்க ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனை. தேய்மானம் என்று உறுதியானால், புதிய முடிச்சு சிவந்து வலிக்கும் மாதங்களில் டைக்ளோஃபெனாக் ஜெல் நன்றாகவே கேட்கும்: ஒரு கைக்கு ஒரு வேளைக்கு 2 கிராம், நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை. சிறுநீரகக் கோளாறோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். கட்டைவிரல் அடியிலும் வலி என்றால் அதற்கென்று விற்கும் தாங்குபட்டையைச் சமையல், துணி பிழியும் நேரங்களில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஜெல்லைத் தடவிய கையோடு பாத்திரம் துலக்கப் போய்விடுவதால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை. தடவிய பின் ஒரு மணி நேரமாவது கையை நனைக்கக் கூடாது.